எந்த செட்டுங்க?

கடையில் போன் அடித்தால் செட் அக்கா எடுத்ததும் சொல்வது ஹலோ அல்ல. "எந்த செட்டுங்க?" என்பதுதான். கூப்பிட்டவர் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார். யார், எங்கே, எப்போது வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். முதலில் எந்த செட் என்று தெரிந்தாக வேண்டும்.

அவளும் அவள் கணவரும் நடத்துவது வாடகைச் சாமான் கடை. நீளமான ஒரே கூடம். இடது சுவரோரம் மைக் செட், அதற்கான பெட்டிகள், ஒயர்ச் சுருள்கள். அடுத்து லைட் செட். மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஜெனரேட்டர் செட். அலமாரியில் கப் அண்ட் சாசர் செட். வாசல் பக்கம் இரண்டு இரும்புக் கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து. அது வாலிபால் செட். இத்தனைக்கும் வாடிக்கையாளர்களிடம் இருப்பது ஒரே வார்த்தை. "அக்கா, நாளைக்கு ஒரு செட் அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். அவரவர் கேட்கிற செட்தான் உலகத்திலேயே ஒரே செட் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

ஒருமுறை ஒரு பெரியவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். நேற்றுக் கூட்டத்துக்கு வந்திருந்தேன், என் செட்டை அங்கேயே விட்டுவிட்டேன், எப்படியாவது தேடிக் கொடுங்கள் என்றார். அக்கா திரும்பி வந்த பெட்டிகளையெல்லாம் இறக்கிப் பார்த்தாள், எண்ணிப் பார்த்தாள், எல்லாம் தங்கள் செட்தான். பெரியவர் சொல்கிற வார்த்தையெல்லாம் காற்றாகவே வந்துகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள். பல் செட். அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு காகிதக் கோப்பைக்குள் அது பத்திரமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் கல்யாணமே இந்த வார்த்தையால் நின்றுபோக இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வரன் கொண்டுவந்தவர் "பையன் செட் வச்சிருக்கார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் அப்பா, பையன் ஒரு கும்பலைச் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் என்று எடுத்துக்கொண்டார். அத்தைக்கு இன்னும் ஒருபடி மேலே போயிற்று. எங்கேயோ ஒருத்தியை செட்டப்பாக வைத்திருக்கிறான் போலிருக்கிறது, அதை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறார்களே என்று நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். விசாரிக்கப் போன சித்தப்பா, மாப்பிள்ளை ஏணி மேல் நின்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்கு மூச்சு வந்தது.

கல்யாணமான மறுவாரமே அவளும் அந்த ஏணியடிக்கு வந்துவிட்டாள். கணவர் மேலே, அவள் கீழே. அவர் கை நீட்டுகிற நேரம் பார்த்து ஒயர்ச் சுருளை மேலே தூக்கிப் போட வேண்டும். பலமாகப் போட்டால் அவர் தலைக்கு மேலே போய்விடும், மெல்லப் போட்டால் பாதியில் திரும்பி முகத்தில் விழும். முதல் மாதம் முழுக்க முகத்தில்தான் விழுந்தது. அப்புறம் கை பழகிவிட்டது. அவர் கீழே குனிந்து பார்க்காமலே கையை நீட்டுவார், சுருள் வந்து அவர் உள்ளங்கையில் உட்காரும். அதில் ஒரு விசேஷம் இருப்பதாக இருவருக்குமே தோன்றியதில்லை.

அவளுடைய நாற்பத்து நாலாவது வயதில், தெருக்கோடித் துணிக் கம்பெனியில் ஆண்டு விழா வந்தது. சட்டை தைக்கிற கம்பெனி. வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். இந்தக் கடைக்கு அதைவிடப் பெரிய வாடிக்கை வேறு கிடையாது. அன்றைக்குப் பார்த்து அக்கா கண் டாக்டரிடம் போயிருந்தாள். போனைக் கணவர் எடுத்தார். கம்பெனி சூப்பர்வைசரம்மா, மத்தியானம் பெண்களுக்கு விழா, எப்போதும் போல ஒரு செட் அனுப்பிவிடுங்கள் என்றாள். அவர் சரி என்றார். எந்த செட் என்று கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை.

அக்கா திரும்பி வந்ததும் வாசலில் கம்பங்கள் நின்ற இடம் காலியாக இருந்தது.

"என்னங்க, கம்பெனிக்கு எந்த செட்டு போச்சு?"

"வழக்கமா போறதுதான். போன வாரம் ஆம்பளைங்க பக்கம் வாங்கிட்டுப் போனாங்களே, அது."

"அய்யய்யோ" என்றபடி அவள் தலையில் கைவைத்தாள். விழாவில் முதலாளி பேசப் போகிறார். ஐந்நூறு பேர் முன்னால் கையில் மைக் இல்லாமல், வாலிபாலை வைத்துக்கொண்டா பேசுவார்? கணவரிடம் சண்டை போடக்கூட நேரமில்லை. இருவரும் மைக் செட்டைத் தூக்கி ஒரு ஆட்டோவில் திணித்தார்கள். அவள் பெட்டியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

கம்பெனி கேட்டில் சூப்பர்வைசரம்மா நின்றிருந்தாள். அக்கா ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் அந்தம்மா கோபமாக இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி எழுந்து சத்தமாகப் பேசிப் பார்த்தாராம். பின்வரிசையில் ஒன்றும் கேட்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிப்போய், எல்லோரும் நன்றாக இருங்கள் என்று கைகூப்பிவிட்டு இறங்கிவிட்டாராம். எந்த வருஷமும் இல்லாத கைதட்டல் இந்த வருஷம்தான் விழுந்தது என்றாள்.

அதற்குள் பின்பக்கமிருந்து கூச்சல் வந்தது. ஏதோ அடிதடி என்று நினைத்து அக்கா ஓடினாள். பேல் பேலாகத் துணிக்கட்டுகள் இறக்குகிற மண்தரையில் கம்பங்கள் நட்டு வலை கட்டியிருந்தார்கள். வலைக்கு இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, பந்து வந்தால் பாதிப் பேர் அதை நோக்கி ஓட, மீதிப் பேர் அதைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடினார்கள். சுவரோரம் நின்றவர்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு ஆட்டம் கண்ணில் படவில்லை. வலைதான் பட்டது. நடுவில் தொய்ந்து கிடந்தது. தன் கடைச் சாமானை யாராவது அரைகுறையாகக் கட்டினால் அவளுக்குப் பொறுக்காது. நேராகப் போய்க் கம்பத்தடியில் நின்று கயிற்றை இழுத்து முடிந்தாள். முடிந்துவிட்டு நிமிர்கிற நேரம் பந்து அவள் முகத்துக்கு நேரே வந்தது.

யோசிக்க நேரமில்லை. இரண்டு கையும் தானாக மேலே போயின. விரல் நுனியில் பட்டதும் படாததுமாகப் பந்தை மேலே தள்ளினாள். அது நிதானமாக எழும்பி, வலைக்குமேல் ஒரு முழ உயரத்தில், இதோ வந்து எடுத்துக்கொள் என்பதுபோல ஒரு கணம் நின்றது. அங்கே இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண் இருந்தாள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே வாலிபால் ஆடியவள். அவள் எழும்பி அடித்த அடியில் பந்து அந்தப் பக்கம் தரையில் மோதி, சுவர் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம் எழுந்த சத்தத்தில் கேட் காவலாளி ஓடி வந்தார். நெட்டை மூச்சு வாங்க அக்காவிடம் வந்து, "அக்கா, இதே மாதிரி இன்னொரு செட் குடுங்க" என்றாள்.

"எங்ககிட்ட இருக்கறதே இந்த ஒரு செட்டுதாம்மா. ஆட்டோவுல மைக் செட்டு இருக்கு, எடுத்துட்டு வரவா?"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அடிக்கிறவளுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதற்கும் செட் என்றுதான் பெயர் என்று நெட்டை விளக்கினாள். அதைச் செய்கிறவள் செட்டர். அவளில்லாமல் அடிக்கிறவளால் ஒன்றும் ஆகாது. ஆட்டத்தின் ஒரு பகுதி முடிந்தாலும் ஒரு செட். அக்கா வாயில் விரல் வைத்தாள். இத்தனை வருஷமாக வாலிபால் செட்டை வாடகைக்கு விடுகிறாள், அந்த செட்டுக்குள்ளே இத்தனை செட் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

அன்று மைக் செட் ஆட்டோவைவிட்டு இறங்கவேயில்லை. சாயங்காலம் சங்கு ஊதும்வரை அக்கா வலையோரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். முதலில் நெட்டைக்கு மட்டும். அப்புறம், சட்டைக்குப் பொத்தான் வைக்கிற பிரிவில் பட்டன் என்று பெயர் வாங்கிய குள்ளப் பெண், எனக்கும் எனக்கும் என்று குதித்தாள். அவளுக்குக் கொஞ்சம் தாழ்வாக, வேகமாகக் கொடுத்துப் பார்த்தாள். பட்டன் அடித்த பந்து வலையை உரசிக்கொண்டு போய் விழுந்தது. ஒவ்வொரு கைக்கும் ஒரு உயரம், ஒரு நேரம். ஏணி மேல் நின்ற ஒரே கைக்குப் பதிலாக இப்போது ஐந்து கைகள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்தவள் கணவரைத் திட்ட மறந்துபோனாள். தட்டில் போட்டதைத் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சோடு கையும் மேலே மேலே போயிற்று. ஒருமுறை தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. கல்லூரியில் படிக்கிற மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, இந்த வயசுல உனக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்றாள்.

"உனக்குப் பாக்கற மாப்பிள்ளையெல்லாம் செட் ஆகல, செட் ஆகலங்கற. சரின்னு விட்டுட்டேன். என் விஷயத்துலயும் நீயே சொல்லாத."

மகள் திரும்பப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டாள். கணவர் மட்டும், நான் தப்பாக அனுப்பினதும் நல்லதாகப் போயிற்று பார்த்தாயா என்று மெல்ல ஒரு வார்த்தை விட்டார். அவள் பார்த்த பார்வையில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம் சாயங்காலமானால் அக்காவுக்குக் கால் கடையில் தரிக்காது. கம்பெனிச் சங்கு ஊதினதும் பேல் இறக்குகிற இடத்துக்குப் போய்விடுவாள். ஆடத் தெரிந்தவர்களும் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் சலித்துச் சலித்துக் கடைசியில் ஏழு பேர் நின்றார்கள். நெட்டைதான் தலைவி, அவள்தான் வாத்தியார். கற்றுக்கொள்வது லேசாக இல்லை. பந்து கையில் ஒரு நொடி தங்கினால் தப்பு. இரண்டு கையிலும் ஒன்றாகப் படாவிட்டால் அதுவும் தப்பு. வலையைத் தொட்டால் தப்பு. அக்கா எல்லாத் தப்பையும் ஒழுங்காகச் செய்தாள். முழங்கை சிராய்த்தது. தோளில் எண்ணெய் தேய்க்காத நாளில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பே இன்றைக்கு எப்போது சங்கு ஊதும் என்பதாகத்தான் இருந்தது. ஒருநாள் போனை எடுத்து, "எந்த செட்டுங்க?" என்று கேட்பதற்குப் பதிலாக, "யாருக்கு செட்டுங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கத்து ஆள் குழம்பிப்போய், என் பெண்ணுக்குத்தான், நிச்சயமாகியிருக்கிறது, நகை செட் கூட வாடகைக்கு விடுகிறீர்களா என்றார்.

அந்த வருஷம் வட்டாரப் பெண்களுக்கான வாலிபால் போட்டி நடந்தது. அலுவலகம், கம்பெனி, தெரு என்று யார் வேண்டுமானாலும் அணி சேர்க்கலாம். துணிக் கம்பெனி பெயரில் இவர்கள் சேர்ந்தார்கள். கம்பெனியில் வேலை செய்யாத ஒரே ஆள் அக்கா. முதல் ஆட்டத்தில் ஜெயித்ததை அதிர்ஷ்டம் என்றார்கள். இரண்டாவதில் ஜெயித்தபோது எதிரணிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். அரையிறுதியிலும் ஜெயித்த பிறகு சொல்வதற்கு யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

இறுதி ஆட்டம் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸுகளோடு. மூன்று வருஷமாக அவர்களுக்குத்தான் கோப்பை. அவர்களுடைய தலைவியை எல்லோரும் ஊசி என்பார்கள். அவள் சர்வீஸ் போட்டால் பந்து உள்ளே போனது தெரியாது, வலி மட்டும் தெரியும்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. அந்தப் போட்டிக்கு மைக் செட்டும் இவர்கள் கடையிலிருந்துதான் போனது. மைதானத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, பாயிண்ட் அறிவிக்கிற வேலையும் அக்காவின் கணவருக்கே வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அக்கா கண்டிப்பாகச் சொன்னாள், நீங்கள் அங்கே எனக்குக் கணவர் இல்லை, பொதுவான ஆள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே குரலில் பேச வேண்டும் என்று. அவர் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. சுவர் மேலெல்லாம் ஆட்கள். கம்பெனியில் பாதி நாள் லீவு விட்டிருந்தார்கள். முதல் செட் கண் மூடித் திறப்பதற்குள் இவர்கள் கைக்கு வந்துவிட்டது. நெட்டை அடித்த அடியில் நர்ஸுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாவதில் ஊசி ஆரம்பித்தாள். ஒன்று அக்காவின் தோளில் பட்டுத் தெறித்தது. ஒன்று பட்டனின் காலடியில் புதைந்தது. இரண்டாவது போயிற்று, மூன்றாவதும் போயிற்று. நாலாவதும் போய்விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாலாவதின் நடுவில் தாழ்வாக வந்த பந்தை எடுக்கப் பாய்ந்தபோது அக்காவின் சுண்டுவிரல் பின்னால் மடங்கியது. கண்ணில் பொறி பறந்தது. விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். அதற்கு முன்னால் வலைக்கு அடியில் குனிந்து வந்துவிட்டாள் ஊசி.

"காட்டுங்கக்கா. மடக்கிப் பாருங்க. எலும்புக்கு ஒண்ணும் ஆகல." பேசிக்கொண்டே இடுப்புப் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து, சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துச் சுற்றினாள். "வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப உக்காருங்க. நாங்க ஜெயிச்சுக்கறோம்" என்று அவள் கண்ணடித்தாள்.

அக்கா எழுந்துவிட்டாள். மகள் கையைப் பிடித்து, வேண்டாம்மா, வா போகலாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். மகள் அப்படிச் சொல்லவில்லை. "ஒம்பது விரல் போதும்மா, போ" என்றாள். அந்தக் குரல் கம்மிக் கரகரத்துப் புதிதாக இருந்தது. கூட்டத்தில் இதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது யார் என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நாலாவது செட்டை இழுபறியாக இழுத்து, கடைசியில் இவர்கள் எடுத்தார்கள். மைக்கில் அதுவரை பொதுவான ஆளாக இருந்தவருக்குக் குரல் மெல்ல மெல்லச் சாய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி அணிக்கு ஒரு பாயிண்ட் என்பதைத் துக்கச் செய்தி போலச் சொன்னார். நமக்கு ஒரு பாயிண்ட் என்று ஆரம்பித்து, துணிக் கம்பெனி அணிக்கு என்று திருத்திக்கொண்டார்.

ஐந்தாவது செட் பதினைந்து பாயிண்ட்தான். ஒருவர் ஒன்று எடுத்தால் அடுத்தவர் ஒன்று எடுத்தார். யாரும் யாரையும் விட்டு விலகவில்லை. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அப்போது நெட்டை ஒன்றை மூலையில் இறக்கினாள். பதினாலு. இன்னும் ஒன்றே ஒன்று. மைதானம் மூச்சை அடக்கிக்கொண்டது. அந்த அமைதியில் ஒலிபெருக்கி பேசியது.

"நெட்டைக்கே குடுத்துக்கிட்டு இருக்காளே. அங்கதான் மூணு பேரு கைய தூக்கிட்டு நிக்கறாங்க. இந்தப் பக்கம் பட்டன் சும்மாதான நிக்குது, அதுக்குக் குடுத்தா என்ன."

அவர் தனக்குத்தானே முணுமுணுத்ததுதான். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். நாலு பெட்டியிலும் அவர் மனசு கணீரென்று ஒலித்தது. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மைதானமே குலுங்கிச் சிரித்தது. நடுவர் விசிலை ஊதி, மேடையிலிருந்து விரலை நீட்டினார். யாரோ ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க அக்காவுக்கு நேரமில்லை. எதிர்ப்பக்கம் நர்ஸுகள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். ஒருத்தி நெட்டையை விட்டுப் பட்டனுக்கு நேரே நகர்ந்து நின்றாள். ஊசி நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பாயத் தயாராக அக்காவின் கையையே பார்த்தாள்.

அக்காவின் தலைக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடிற்று. பட்டனுக்குக் கொடுத்தால் அங்கே ஆள் இருக்கிறது. நெட்டைக்குக் கொடுத்தால் அங்கேயும் ஆள் இருக்கிறது. இருவரையும் விட்டால் யாருக்குக் கொடுப்பது?

சர்வீஸ் போயிற்று. நர்ஸுகள் எடுத்தார்கள், அடித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி தரையோடு தரையாக விழுந்து அதைக் காப்பாற்றினாள். பந்து கோணலாக எழும்பி வலையோரம் வந்தது. நெட்டை இடப்பக்கம் ஓடி வந்தாள், "அக்கா" என்றாள். பின்னால் பட்டனும் குதித்துவிட்டாள். அக்கா துள்ளி எழும்பினாள். கை எப்போதும்போல மேலே போயிற்று. நர்ஸுகள் இரு பக்கமும் எழும்பினார்கள்.

அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. பிளாஸ்டர் சுற்றிய கையால் பந்தைச் சும்மா வலைக்கு மேலே தட்டிவிட்டாள். ஊசி ஒருத்தி போதும் என்று விட்டு வைத்திருந்த நடு இடத்தில், அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்தக் கணத்தில், பந்து பொத்தென்று விழுந்தது. விழுந்த இடத்திலேயே உருளாமல் நின்றது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் அக்காவுக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. கால் தரையில் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. நெட்டை அவளைத் தூக்கிவிட்டாள். பட்டன் அழுதாள். ஐந்நூறு பேர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஊசி வந்து விரலைப் பார்த்துவிட்டு, தட்டினது இந்தக் கைதானே, கட்டுப் போட்டுவிட்டது என் தப்பு என்று கட்டிக்கொண்டாள். கணவர் கூட்டத்தில் முட்டி மோதி வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தான் இரண்டு காணவில்லை.

"பாத்தியா, நான் சொன்னதுனாலதான்" என்றார்.

"ஆமாங்க. இருபத்திரண்டு வருஷத்துல நீங்க சொன்னத ஆறு பேரு கேட்டது இன்னிக்குத்தான். கேட்டதுனாலதான் தோத்தாங்க."

மேடையில் கோப்பையோடு ஆளுக்கொரு பரிசும் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் டீ செட். கடை அலமாரியில் இதே போல் முப்பது இருக்கிறது என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அதை மட்டும் வாடகைக்கு விடுவதில்லை.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அடுத்த வருஷம் நர்ஸுகள் கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதற்கடுத்த வருஷம் இவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு அணியும் சேர்ந்தே பயிற்சி செய்கின்றன. மகள் ஆடுவதில்லை. ஆனால் நடுவரோடு சண்டை போடுவதற்கு அவளை விட்டால் ஆளில்லை. நாலு தெருவில் புதிதாகப் பெண்கள் அணி முளைத்திருக்கிறது. அதனால் கடையில் வாலிபால் செட் ஒன்று ஆறாகிவிட்டது.

போன மாதம் கம்பெனி முதலாளி பேல் இறக்கும் இடத்தை வேறு பக்கம் மாற்றிவிட்டு, அந்த மண்தரைக்கு சிமென்ட் தளம் போடச் சொன்னார். கோடு கிழித்த நிஜமான வாலிபால் தளம். கலவை கொட்டி மட்டம் பார்த்து முடித்த அன்றே அக்கா போய் நின்றாள். மேஸ்திரி, செட் ஆகிறவரைக்கும் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார். மறுநாள் காலையில் போனாள். "செட் ஆயிடுச்சாங்க?" என்றாள். மேஸ்திரி, இல்லை என்றார். மத்தியானம் போனாள். சாயங்காலம் நெட்டையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நேத்துதான் ஊத்துனோம். அதுவா செட் ஆகணும். நீங்க வந்து வந்து பாத்தா ஆயிடுமா?"

தளம் ஈரமாக, சாம்பல் நிறத்தில், ஒரு காலடித் தடமும் இல்லாமல் பளபளவென்று கிடந்தது. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. கயிற்றுக்கு வெளியே இந்தக் கோடியில் அவள் நின்றாள். நெட்டையை அந்தக் கோடிக்குப் போகச் சொன்னாள். கக்கத்திலிருந்த பந்தை எடுத்து இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். பந்து ஈரத் தளத்துக்கு மேலே உயரமாகப் போய் நெட்டையின் விரல்களில் விழுந்தது. நெட்டை திருப்பி அனுப்பினாள். கீழே விழுந்தால் தளத்தில் பள்ளம் விழும், மேஸ்திரி சும்மா விடமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். "அக்கா, அக்கா, வேணாங்க்கா" என்று கொத்துக்கரண்டியும் கையுமாக ஓடி வந்த மேஸ்திரி, பந்து தலைக்கு மேலே போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அது விழவில்லை. போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.